விரல் நுனியில் ஓர் எண், இரத்தத்தில் இன்னோர் எண்



2021-ஆம் ஆண்டு மே மாதத்தை நம் பகுதியில் எவரும் மறந்திருக்க முடியாது. கொரோனாவின் இரண்டாம் அலை சேலம், நாமக்கல் மாவட்டங்களை வாட்டிய நாட்கள் அவை. சேலம் உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் கொண்ட சிகிச்சை மையம் அந்த மாதத்தில்தான் திறக்கப்பட்டது. "சாச்சுரேஷன் எவ்வளவு?" என்பது அதற்கு முன் ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் மட்டும் கேட்கப்பட்ட கேள்வி. அந்த நாட்களில் அது வீட்டுத் திண்ணைக்கும் வந்தது, ஆலய வாசலுக்கும் வந்தது. விரலில் மாட்டிப் பார்க்கும் சிறு கருவி இன்றும் பல வீடுகளின் அலமாரியில் இருக்கிறது.

கருவி வீட்டுக்கு வந்துவிட்டது. அது காட்டும் எண்ணின் பொருள் இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. வார்டுகளில் நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசி ஜெபிக்கிற நாங்கள், இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்கிறோம். ஒன்று: "ஐயரே, மூச்சுத் திணறல் ஒன்னுமே இல்லீங்களே, எதுக்குங்க ஆக்சிஜன் வைக்கிறாங்க?" மற்றொன்று: "கருவியில 98 காட்டுதுங்க. அப்புறம் எதுக்குங்க இரத்தம் ஏத்தணும்னு சொல்றாங்க?"

இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் விடை தெரியாததால் சிகிச்சை தாமதமாகிற குடும்பங்கள் உண்டு. ஆகவே எங்கள் மருத்துவர்களிடமும் செவிலியரிடமும் கேட்டறிந்தவற்றை இவ்விதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

லாரியும் பாரமும்

நாமக்கல்லும் சங்ககிரியும் திருச்செங்கோடும் லாரிக்குப் பேர்போன ஊர்கள். ஆகவே நம் ஊர் உவமையாலேயே இதைச் சொல்லிவிடலாம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு, அதாவது ஆக்சிஜன். உடலின் ஒவ்வொரு மூலைக்கும் அது போய்ச் சேரவேண்டும். தண்ணீரில் உப்புக் கரைவதுபோல் அது இரத்தத்தில் தாராளமாகக் கரைவதில்லை. 100 மில்லி இரத்தத்தில் கரைந்து நிற்பது அரை மில்லிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் இரத்தத்தின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளின்மேல் ஏறித்தான் பயணம் செய்கிறது.

ஹீமோகுளோபினை லாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் பாரம் ஏற்றும் இடம். இருதயம் அந்த லாரிகளை ஓட்டிவிடும் இயந்திரம். மூளை, சிறுநீரகம், தசைகள், தாயின் வயிற்றில் வளரும் சிசு, இவையெல்லாம் பாரம் இறங்கும் இடங்கள். லாரிகளில் நூற்றுக்கு எத்தனை பாரத்தோடு ஓடுகின்றன என்பதே விரல் கருவி காட்டும் சாச்சுரேஷன். 98 என்றால் நூறு லாரிகளில் 98 பாரத்தோடு ஓடுகின்றன என்று பொருள். மொத்தம் எத்தனை லாரிகள் உண்டு என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு வேறோர் எண் வேண்டும். இரத்தப் பரிசோதனையில் எழுதித்தரும் ஹீமோகுளோபின் அளவே அந்த இரண்டாவது எண்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரத்தத்தில் பிராணவாயு போதுமா, போதாதா என்று சொல்ல முடியும். நாங்கள் சொல்லவந்த செய்தி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

சத்தமில்லாமல் வரும் குறைவு

முதல் கேள்விக்கு வருவோம். மூச்சுத் திணறல் இல்லாதவருக்கு ஏன் ஆக்சிஜன்?

பிராணவாயு குறைந்தவுடன் உடல் கூக்குரலிடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் மூச்சை அடக்கும்போது நெஞ்சை முட்டுகிற தவிப்பு, பெரும்பாலும் பிராணவாயுக் குறைவால் வருவதன்று. கரியமில வாயு இரத்தத்தில் கூடுவதால் வருவது. மூளையில் மூச்சை நடத்தும் பகுதி கரியமில வாயுவின் சிறு ஏற்றத்தையும் உடனே கண்டுகொள்ளும். பிராணவாயு இறங்குவதையோ, அது வெகுவாக இறங்கிய பிறகுதான் பலமாக உணரும்.

கொரோனாவில் இதுதான் நடந்தது. நுரையீரலின் பல இடங்களில் பாரம் ஏற்ற முடியவில்லை. ஆனால் சற்று வேகமாக மூச்சுவிட்டதால் கரியமில வாயு வெளியே போய்க்கொண்டிருந்தது. தவிப்பு வரவில்லை. 80-க்கும் கீழே இறங்கிய எண்ணோடு கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். நடந்து வந்த மனிதர் சில மணி நேரத்தில் மோசமானதற்குக் காரணம் இதுவே.

எண் இறங்கும் விதத்திலும் ஒரு விசேஷம் உண்டு. கொல்லிமலைக்குப் போனவர்களுக்கு அது எளிதில் விளங்கும். மேலே ஊர்கள் இருக்கும் இடம் ஏறக்குறைய சமமான நிலம். அங்கிருந்து விளிம்புக்கு வந்துவிட்டால் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு பாதை செங்குத்தாக இறங்குகிறது. இரத்தத்தின் கதையும் அப்படியே. நுரையீரலில் பிராணவாயுவின் அழுத்தம் ஓரளவு குறைந்தாலும் 100-லிருந்து 95 வரை எண் மெதுவாகவே நகரும். 90 என்பது மலை விளிம்பு. அதற்குக் கீழே சிறிதளவு அழுத்தம் குறைந்தாலும் எண் சரசரவென்று சரியும். ஆகவேதான் 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள் என்று கொரோனா நாட்களில் சொல்லப்பட்டது. விளிம்புக்கு வருமுன் நிறுத்தவேண்டும் என்பதே அதன் கருத்து.

சிறு பிள்ளைகளுக்கு வரும் நிமோனியாவிலும் இந்த ஆபத்து உண்டு. கைக்குழந்தை "எனக்கு மூச்சு முட்டுகிறது" என்று சொல்லாது. பால் குடிக்க மறுக்கும், சோர்ந்து தூங்கும். "சளிதானே, தூங்கட்டும்" என்று பாட்டிமார் பாசத்தோடு விட்டுவிடுவதுண்டு. அந்தத் தூக்கம் மூளைக்குப் பாரம் வந்து சேராத சோர்வாக இருக்கக்கூடும். ஆகவே குழந்தை அழாமல் இருக்கும்போது அதன் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலோ, முனகல் கேட்டாலோ, காலைவரை காத்திருக்கக்கூடாது.

நம் பகுதியில் கிணற்றிலும், சேகோ ஆலைக் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி உயிரிழக்கிறவர்களைப் பற்றியும் இங்கே சொல்லவேண்டும். நெடுநாள் மூடிக்கிடந்த குழியில் பிராணவாயு தீர்ந்து வேறு வாயுக்கள் நிரம்பியிருக்கும். சில மூச்சுகளிலேயே மனிதர் நினைவிழந்து விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிற தம்பியும், தம்பியைத் தூக்க இறங்குகிற பக்கத்து வீட்டுக்காரரும் அதேபோல் விழுகிறார்கள். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தையும் நம்பக்கூடாது. விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அங்கே நச்சு வாயு இருக்கலாம். எரியக்கூடிய வாயு இருந்தால் விளக்கே விபத்தாகிவிடும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற வேண்டுமானால் தீயணைப்புப் படையினரை அழைப்பதே வழி. அன்பினால் குதித்து ஒரே வீட்டில் இரண்டு சாவு விழவேண்டாம்.

கருவி எப்படி அறிகிறது, எங்கே ஏமாறுகிறது

பாரம் ஏற்றிய ஹீமோகுளோபின் செக்கச்செவேல் என்றிருக்கும். பாரம் இறக்கியது கருஞ்சிவப்பாகிவிடும். விரல் கருவி இந்த நிற வேறுபாட்டைத்தான் பார்க்கிறது. ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, மறுபக்கம் எவ்வளவு வந்து சேர்கிறது என்று கணக்கிடுகிறது. நாடித் துடிப்போடு ஏறி இறங்கும் ஒளியை மட்டும் எடுத்துக்கொள்வதால், சதை, நகம், எலும்பு இவற்றைத் தள்ளிவிட்டு இரத்தத்தை மட்டும் படிக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் டாக்குவோ அயோயாகி 1970-களின் தொடக்கத்தில் கண்ட யுக்தி இது. ஊசி குத்தாமல், வலியில்லாமல் இரத்தத்தின் பிராணவாயுவை அறிய அவர் வழி திறந்தார். 2020 ஏப்ரலில், உலகமே அவருடைய கருவியைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில், அவர் காலமானார்.

நல்ல கருவியும் சில இடங்களில் ஏமாறும். விரல் சில்லிட்டிருந்தால், நகச்சாயமோ அடர்ந்த மருதாணியோ இருந்தால், கை நடுங்கினால் எண் தவறலாம். தோலின் நிறமும் ஒரு காரணம். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே இரத்தத்தில் உண்மையான அளவு 88-க்குக் கீழே இருந்த நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. நம் ஜனங்களில் அநேகர் கருந்தோல் உடையவர்கள். ஆகவே 93, 94 என்று விளிம்போரம் நிற்கும் எண்ணை நம்பி நிம்மதியடைவதைவிட, ஆளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பெரிய ஏமாற்றம் ஒன்றும் உண்டு. மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டாலும், குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகிறது. அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்கிறது. லாரியில் நெல்லுக்குப் பதிலாக மண் ஏறியதுபோல் ஆகிவிடும். சாதாரண விரல் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 98 என்றே காட்டும். ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ குளிர்காலத்தில் தங்குகிறவர்களும், லாரி கேபினில் இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

மலையுச்சியில் கண்ட பாடம்

இனி இரண்டாவது கேள்வி. 98 காட்டும்போது எதற்கு இரத்தம்?

விடையைச் சொல்லுமுன், நம் மருத்துவ ஊழியத்தின் வரலாற்றில் இந்தக் குறைவைத் தம் உடலிலேயே அறிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர் டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல். பின்னர் வேலூரிலும் பணிசெய்தார். அவர் எவரெஸ்ட் மலையேறியவரும்கூட. 1922-ஆம் ஆண்டுப் பயணத்துக்குப்பின் தென்னிந்தியாவைச் சுற்றிப்பார்க்க வந்தவர், நெய்யூர் ஆஸ்பத்திரியின் தேவையைக் கண்டு, தம் வாழ்நாளை அங்கே கொடுக்கத் தீர்மானித்தார்.

1924 ஜூன் மாதம் அவரும் நார்ட்டன் என்பவரும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் உச்சியை நோக்கி ஏறினார்கள். ஓர் அடி எடுத்து வைக்கப் பல மூச்சுகள் வாங்க வேண்டியிருந்தது. தொண்டை வேதனையால் சாமர்வெல் நின்றுவிட, நார்ட்டன் மட்டும் சுமார் 8,570 மீட்டர் வரை போய்த் திரும்பினார். இறங்கும் வழியில் குளிரால் பழுதான தொண்டைச் சவ்வு பெயர்ந்து அடைத்துக்கொள்ள, சாமர்வெல் மூச்சற்றுப் பனியில் உட்கார்ந்துவிட்டார். இரு கைகளாலும் தம் நெஞ்சை அழுத்தித் தள்ளி, அடைப்பை வெளியே துப்பியபின்தான் பிழைத்தார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே. காற்றில் பிராணவாயுவின் விகிதம் அதே 21 தான். ஆனால் காற்றே மெலிந்துபோயிருக்கும்.

அந்த உயரத்தில் மனித இரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கும் என்பது 2007-இல் அளந்து அறியப்பட்டது. ஆங்கிலேய மருத்துவர்கள் குழு ஒன்று எவரெஸ்ட் ஏறி, 8,400 மீட்டர் உயரத்தில் தங்களிலேயே நான்கு பேரிடம் இரத்தம் எடுத்துப் பார்த்தது. சராசரி சாச்சுரேஷன் 54. நம் வார்டில் அந்த எண்ணைக் கண்டால் செவிலியர்கள் ஓடிவருவார்கள். அவர்களோ தங்கள் கால்களால் நடந்து இறங்கினார்கள்.

இது எப்படி முடிந்தது? வாரக்கணக்காக மலையில் தங்கிப் பழகியதால் அவர்கள் உடல் புதிய லாரிகளைச் சாலையில் இறக்கியிருந்தது. அவர்களுடைய ஹீமோகுளோபின் 19 கிராமுக்கு மேல் இருந்தது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 1.34 மில்லி பிராணவாயுவைச் சுமக்கும். பாதி லாரிகள் காலியாக ஓடினாலும், லாரிகள் அதிகம் இருந்ததால் 100 மில்லி இரத்தத்தில் சுமார் 14 மில்லி பிராணவாயு இருந்தது.

இப்போது நம் சமவெளிக்கு வாருங்கள். கரும்புக் காட்டிலும் தறிக்கூடத்திலும் வேலைசெய்யும் கர்ப்பவதி ஒருத்தி பரிசோதனைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விரல் கருவி 98 காட்டுகிறது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6. கணக்கிட்டுப் பாருங்கள்: ஆறை 1.34-ஆல் பெருக்கி, அதில் நூற்றுக்கு 98 பங்கு எடுத்தால் 8 மில்லிகூட இல்லை. ஹீமோகுளோபின் 14 உள்ள ஒருவருக்கு அது 18 மில்லி. எவரெஸ்ட் உச்சிக்குக் கீழே நின்ற மலையேறியைவிட, நம் சமவெளியில் நிற்கும் அந்தத் தாயின் இரத்தத்தில் பிராணவாயு குறைவு.

அவள் எப்படி நடமாடுகிறாள்? அவளுடைய இருதயம் இருக்கும் சில லாரிகளையே வேகமாக ஓட்டி ஈடுகட்டுகிறது. படபடப்பு, களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். அவளும் வீட்டாரும் அதைக் கர்ப்பகாலச் சோர்வு என்று விட்டுவிடுகிறார்கள். உதடு நீலமாகுமோ என்றால் அதுவும் ஆகாது. நீலம் தெரிய, பாரம் இறக்கிய ஹீமோகுளோபின் போதிய அளவு இருக்கவேண்டும். அவளிடம் மொத்தமே குறைவு. பிரசவத்தில் அரை லிட்டர் இரத்தம் போனால் ஆரோக்கியமான தாய் பெரும்பாலும் தாங்கிவிடுவாள். இவளால் தாங்க முடியாமல் போகலாம். அப்போது ஆக்சிஜன் மட்டும் வைத்தால் போதாது. ஏற்கெனவே நிரம்பிய லாரியில் இன்னும் எவ்வளவு ஏற்றமுடியும்? அவளுக்கு வேண்டியது லாரிகள். ஆகவேதான் 98 காட்டும்போதும் மருத்துவர் இரத்தம் கேட்கிறார்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். எல்லாருக்கும் அது கடுமையானதன்று. ஆனாலும் விரலில் 98 பார்த்துச் சந்தோஷப்பட்டு அனுப்பிவிடும் வீடுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கொல்லிமலையின் கல்லறை

இதே காரியம் நம் மாவட்டத்தின் மிஷன் வரலாற்றிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியாவுக்கு வந்தவர். அவரும் அவர் மனைவி எவ்லின் அம்மையாரும் 1913-இல் திருமணத்துக்குப் பின் கொல்லிமலையில் குடியேறி, மலைவாழ் மக்கள் நடுவே பள்ளியும் வைத்தியமும் விவசாயமும் நடத்தினார்கள். தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து வேலூரில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் அவர்களுக்குப் பிறந்த மகன்.

1929 ஜூன் மாதம் ஜெஸ்ஸி பிராண்ட் கருநீர்க் காய்ச்சலால் அம்மலையிலேயே மரித்தார். மலேரியாவின் கொடிய வடிவம் அது. சிவப்பணுக்கள் திரள்திரளாக உடைந்து, ஹீமோகுளோபின் சிறுநீரில் கலந்து கறுப்பாக இறங்கும். சிறுநீரகமும் கெடும். நம் உவமையில் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் லாரிகள் நடுச்சாலையிலேயே நொறுங்கிப்போவது. நுரையீரலில் குறையில்லாத நிலையில் அத்தகைய நோயாளியின் விரலில் இன்றைய கருவியை மாட்டினால், அது நூறை ஒட்டிய எண்ணையே காட்டக்கூடும். அந்த மலையில் அப்போது இரத்தம் ஏற்றும் வசதி இல்லை. எவ்லின் அம்மையார் தம் ஊழியத்தை விடாமல், முதுமையிலும் மலைகளிலேயே சேவைசெய்து, 1974-இல் 95-ஆம் வயதில் காலமானார்.

அன்று இல்லாதவை இன்று நம்மிடம் உண்டு. மலேரியாவுக்கு நல்ல மருந்து உண்டு. இரத்த வங்கி உண்டு. இரண்டு எண்களையும் சில நிமிடங்களில் அறியும் வசதி உண்டு. அறிந்துகொள்ளாமல் தாமதிப்பதற்கு நமக்குச் சாக்கு இல்லை.

நீங்கள் செய்யக்கூடியவை

1. விரல் கருவி வைத்திருப்பவர்கள், நோயாளியை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, கையைச் சூடாக்கி, நகச்சாயத்தை நீக்கி, எண் நிலைத்து நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள். 95-க்கு மேல் நல்லது. 94-க்குக் கீழே இறங்கினால் மருத்துவரைப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் 108-ஐ அழையுங்கள். நீண்டகால நுரையீரல் நோயுள்ள சிலருக்கு 88 முதல் 92 வரை வைத்திருப்பதே பாதுகாப்பு என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அவர்கள் அந்தச் சொல்லைக் கேட்கவேண்டும்.

2. எண் நன்றாயிருந்தும் ஆள் குழம்பிப் பேசினாலோ, அளவுக்கு மீறித் தூங்கினாலோ, பேச்சு முடியாமல் மூச்சு வாங்கினாலோ, ஆளை நம்புங்கள், கருவியை நம்பாதீர்கள்.

3. வீட்டில் கர்ப்பவதி இருந்தால் "ஹீமோகுளோபின் எவ்வளவு?" என்று கேளுங்கள். 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7-க்குக் கீழே என்றால் கடுமையானது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பகாலத்தில் குறைந்தது 180 நாட்கள் சாப்பிடவேண்டும். மலம் கறுப்பாகிறது என்று பயந்து நிறுத்துகிறவர்கள் அநேகர். அது மாத்திரையின் நிறம்தான். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ, காப்பி குடிக்கக்கூடாது; எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ப்பது நல்லது. நாமக்கல் முட்டை நல்ல சத்துள்ள உணவு. ஆனால் அதிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்றாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆகையால் இதற்கு அதை மட்டும் நம்பக்கூடாது. வெறுங்காலோடு காட்டில் நடப்பவர்களுக்குக் கொக்கிப்புழு இரத்தத்தைக் குடிக்கும். பூச்சி மாத்திரையைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஆக்சிஜனும் ஒரு மருந்து. அதற்கும் அளவு உண்டு. குறைமாதக் குழந்தைக்கு அளவு மீறினால் கண்பார்வை பாதிக்கும். மருத்துவர் சொல்லாமல் வீட்டில் சிலிண்டர் வைத்துத் திறந்துவிடாதீர்கள்.

காணிக்கை எங்கே போகிறது

ஆக்சிஜனுக்கென்று நீங்கள் அனுப்பும் காணிக்கை எப்படிச் செலவாகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வார்டு வாசலில் நிற்கும் பெரிய சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் வாயு அடைக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வேண்டிய பெரியவருக்கு அது ஒரு பகலும் இரவும்கூட முழுதாக வராது. 23 மணி நேரத்தில் தீரும். பத்து லிட்டர் வேண்டியவருக்கு 12 மணி நேரத்துக்குள் தீரும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போதுமான குழந்தைக்கோ அதே சிலிண்டர் ஏறக்குறைய ஐந்து நாட்கள் வரும். நிமோனியா வந்த ஒரு குழந்தை மருந்து வேலைசெய்யும்வரை பிழைத்திருக்கப் பல வேளைகளில் அவ்வளவே போதும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்து ஆக்சிஜனைத் தரும் கான்சென்ட்ரேட்டர் இயந்திரங்களும் உண்டு. அவற்றுக்குச் சிலிண்டர் வேண்டாம், ஆனால் மின்சாரம் நிற்காமல் இருக்கவேண்டும்.

பணத்தால் வாங்க முடியாத காணிக்கை ஒன்றும் உண்டு. ஆக்சிஜனை ஆலையில் செய்யலாம். ஹீமோகுளோபினைச் சுமக்கும் இரத்தத்தை எந்த ஆலையிலும் செய்ய முடியாது. ஒருவர் கொடுத்தால்தான் மற்றவருக்குக் கிடைக்கும். 18 முதல் 65 வயதுக்குட்பட்டு, 45 கிலோவுக்குக் குறையாத எடையும், 12.5-க்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ளவர்கள் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்க முடியும். ஒருமுறை கொடுக்கும் 350 மில்லி, பெற்றுக்கொள்பவரின் ஹீமோகுளோபினை ஏறக்குறைய ஒரு கிராம் உயர்த்தும். ஆறில் நிற்கும் ஒரு தாயை எட்டுக்குக் கொண்டுவர இரண்டு பேர் வேண்டும்.

உங்கள் சபையில் வாலிபர் ஐக்கியமும் பெண்கள் ஐக்கியமும் கூடும் நாட்களில் இந்த இரண்டு எண்களைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். வாலிபர்கள் தங்கள் இரத்த வகையை எழுதிவைத்துக்கொள்ளட்டும். தாய்மார்கள் தங்கள் ஹீமோகுளோபின் எண்ணைத் தெரிந்துகொள்ளட்டும். பிரசவ நேரத்தில் இரத்தத்துக்காக ஆள் தேடி அலையும் ஒரு குடும்பத்துக்கு, சபையில் முன்னமே எழுதிவைத்த ஒரு பெயர்ப்பட்டியல் எவ்வளவு பெரிய உதவி என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.